வாசனைப் பற்குச்சி: சின்னச் சாமானில் ஒரு வியாபாரப் பாடம்

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசு கட்ட வரும் இடத்தில், ஒரு தட்டில் பெருஞ்சீரகமும் பக்கத்தில் ஒரு சிறு குவளையில் பல் குத்தும் குச்சிகளும் இருக்கும். சிலர் ஒன்றை எடுப்பார்கள். சிலர் நாலைந்தை எடுத்துப் பொக்கட்டில் போட்டுக்கொள்வார்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். அதன் விலை யாருக்கும் ஒரு பொருட்டல்ல. இலவசமாகக் கொடுப்பதற்கென்றே பிறந்த சாமான் அது.

ஆனால் அதே குச்சியைக் கறுவா எண்ணெயிலோ புதினா எண்ணெயிலோ ஊற வைத்து, உலர்த்தி, சிறு குழாய்களில் அடைத்து நல்ல விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுவாவும் புதினாவும் ஊட்டிய குச்சிகள் நெடுங்காலமாக விற்பனையாகின்றன. அவுஸ்திரேலியாவில் அந்நாட்டுக்கே உரிய 'டீ ட்ரீ' எண்ணெய் ஊட்டிய குச்சிகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. குச்சி ஒன்றுதான். ஒன்று குவளையில் இலவசமாகக் கிடக்கிறது, மற்றது காசாகிறது.

இந்த வாசனைப் பற்குச்சியை வைத்து இந்த வாரம் இரண்டு கேள்விகளைப் படிப்போம். ஒரு சாமானில் காசு எந்த இடத்தில் இருக்கிறது? அந்தக் காசை ஹலாலான முறையில் எடுப்பது எப்படி?

பற்குச்சியை விற்ற மனிதர்

பல் குத்துவது மனிதனின் மிகப் பழைய பழக்கங்களில் ஒன்று. எமது வீடுகளிலும் தென்னை ஈர்க்கை முறித்துப் பல் குத்திய காலம் இருந்தது. காசில்லாமல் கிடைக்கும் ஒன்றை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

அமெரிக்காவின் போஸ்டன் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் ஃபோர்ஸ்டர் என்பவர் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடினார். பிரேசில் நாட்டில் வியாபார நிறுவனமொன்றில் வேலை செய்த காலத்தில், அங்குள்ளவர்கள் கையால் சீவிய அழகான பற்குச்சிகளைப் பயன்படுத்துவதை அவர் கண்டார். சொந்த நாட்டுக்குத் திரும்பிய பின் அவற்றை இயந்திரத்தால் செய்ய முயன்றார். அப்போது சப்பாத்துகளின் அடிப்பாகத்தைப் பிணைக்கும் மர ஆணிகளைச் செய்ய ஓர் இயந்திரம் இருந்தது. அந்த நுட்பத்தைத் தழுவி, 1860களின் இறுதியளவில் பற்குச்சிகளை இலட்சக்கணக்கில் செய்யும் நிலைக்கு அவர் வந்தார்.

சாமான் தயார், வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. அப்போது அவர் செய்ததாக ஒரு கதை சொல்லப்படுகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவைக் கொடுத்துப் போஸ்டனின் உணவகங்களுக்கு அனுப்பினாராம். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "பற்குச்சி கொண்டு வாருங்கள்" என்று சத்தமாகக் கேட்பார்கள். இல்லை என்றதும், "இதுகூட இல்லாத கடையா?" என்று முகம் சுளிப்பார்கள். கடைகளுக்கும் இதேபோல் ஆட்களை அனுப்பிக் கேட்க வைப்பார். அடுத்த நாட்களில் ஃபோர்ஸ்டர் தாமே பெட்டியுடன் போய் நிற்பார். வியாபாரம் ஓடத் தொடங்கியது.

விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைக் கைதட்டிச் சொல்வார்கள். நாம் கைதட்டலாமா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு முனையும் உண்டு. ஃபோர்ஸ்டரின் தொழில் வேரூன்றிய மெயின் மாநிலத்தில் ஸ்ட்ரோங் என்ற சிற்றூர், 'உலகின் பற்குச்சித் தலைநகரம்' என்று பெயர் எடுத்தது. அந்த ஊரின் பற்குச்சி ஆலை 2003இல் மூடப்பட்டது. வெறும் குச்சியை மலிவாகச் செய்வதில் ஆசிய நாடுகளை வெல்ல முடியாது என்ற நிலை அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. புறக்கோட்டையில் மொத்தமாக வந்து இறங்கும் மூங்கில் குச்சிகளைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெறும் குச்சியில் விலைப் போட்டிக்கு இறங்குபவர் நட்டத்திற்குத்தான் போவார். குச்சிக்கு மேல் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது.

கறுவா எங்களுடையது, இலாபம் யாருடையது?

வாசனைப் பற்குச்சிகளில் பெயர் பெற்றது கறுவாக் குச்சி. அந்த வாசனை எங்கள் நாட்டுக்குச் சொந்தமானது.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளம் பகுதிக் கரையோரத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குவியல் குவியலாகக் கிடந்ததையும், மலபார் வியாபாரிகள் அதற்கு விலை கொடுக்காமல், அரசனுக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு எடுத்துச் சென்றதையும் தமது பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். எங்கள் கரையில் குப்பைபோல் கிடந்தது, கடல் கடந்ததும் செல்வமானது. பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தப் பட்டைக்காகவே இங்கே கோட்டை கட்டினார்கள்.

2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. பெயர் எங்களுடையது என்று உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் காலி, மாத்தறை மாவட்டங்களில் உரிக்கப்படும் பட்டையின் பெரும் பகுதி இன்னும் பட்டையாகவே கப்பல் ஏறுகிறது. அதை அரைத்து, வடித்து, சிறு பொதிகளாக்கிப் பெயர் ஒட்டி விற்கும் வேலையும் அதன் இலாபமும் பெரும்பாலும் வேறு நாடுகளில் நடக்கின்றன. பற்குச்சி இதற்கு ஒரு சிறு உதாரணம்தான். சவர்க்காரம், மெழுகுவர்த்தி, தேநீர்ப் பக்கட் எதை எடுத்தாலும் கணக்கு இதேதான்.

யாருக்கு விற்கலாம்?

ஒரு சாமானை எடுக்குமுன் அது எங்கே எல்லாம் செலவாகும் என்று எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

1. ஹோட்டல்கள், உணவகங்கள். தனித்தனி உறையில் வாசனைக் குச்சியைக் கொடுத்தால் சுத்தமும் தெரியும். உறையில் கடையின் பெயரையும் அச்சிடலாம்.

2. வலீமா, கந்தூரி, நிகழ்ச்சிச் சாப்பாடுகள். மாட்டிறைச்சிப் புரியாணி ஸஹன் முடிந்ததும் எல்லோரும் தேடுவது பற்குச்சியைத்தான். வெங்காயம், பூண்டு மணத்தோடு ஆட்களுடன் பேசவும் பள்ளிக்குப் போகவும் தயங்குபவர்களுக்கு வாசனைக் குச்சி உதவும்.

3. பழத்துண்டு, சிற்றுண்டி பரிமாறுதல். பழத்தோடு கறுவா ஒத்துப்போகும். கட்லட்டோடு புதினா ஒத்துப்போகாது. எதற்கு எது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

4. சுற்றுலாப் பயணிகள். இலங்கைக் கறுவா என்ற பெயருடன் பையில் பாரமில்லாமல் கொண்டு போகக்கூடிய சிறு அன்பளிப்பு.

5. சிகரட்டை விட நினைப்பவர்கள். வாயில் எதையாவது வைத்திருக்கும் பழக்கத்துக்கு மாற்றாகச் சிலர் இதைப் பாவிக்கிறார்கள். ஆனால் 'சிகரட்டை நிறுத்தும் குச்சி' என்று எழுதி விற்பது வேறு விடயம். அதற்கு மருத்துவ ஆதாரம் வேண்டும்.

எண்ணெயைத் தெரிந்து வாங்குங்கள்

செய்முறை கடினமானதல்ல. உணவுப் பாவனைக்கு ஏற்ற தரமான எண்ணெயை அதற்குரிய கரைப்பானில் அளவாகக் கலந்து, உலர்ந்த குச்சிகளை அதில் ஊற விட்டு, எடுத்துக் காற்றோட்டத்தில் உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைப்பார்கள். ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகுந்தால் வாசனை போய்விடும். சிக்கல் இருப்பது எண்ணெய் வாங்கும் இடத்தில்தான்.

'கறுவா எண்ணெய்' என்று சந்தையில் ஒரே பெயரில் வெவ்வேறு சாமான்கள் உண்டு. கறுவா இலையிலிருந்து வடிப்பது ஒன்று. அதில் அதிகம் இருப்பது யூஜினோல். கராம்பில் இருக்கும் அதே பொருள். அதனால் அது கராம்பைப் போலவே மணக்கும், விலையும் குறைவு. பட்டையிலிருந்து வடிப்பது வேறு. அதில் அதிகம் இருப்பது சினமல்டிஹைட். நாம் கறுவா என்று அறிந்த இனிய காரமான மணம் அதுதான். அது விலை கூடியது. இவை தவிர, சீனக் கறுவா எனப்படும் கசியாவின் எண்ணெயும், இரசாயன முறையில் செய்த வாசனையும் கறுவா என்ற பெயரில் நடமாடுகின்றன. இலை எண்ணெயைப் பாவிப்பது குற்றமல்ல. இலை எண்ணெயைப் பாவித்துவிட்டுப் பட்டை என்று எழுதுவது குற்றம்.

எண்ணெயைக் கையாளும்போதும் கவனம் தேவை. செறிவான கறுவாப் பட்டை எண்ணெய் தோலில் பட்டால் எரியும்; சிலருக்குக் கொப்புளமும் ஒவ்வாமையும் வரும். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியில் ஒரு காலத்தில் காரமான கறுவாக் குச்சி பெரும் மோகமாக இருந்தது. பிள்ளைகளே எண்ணெய் வாங்கி ஊறவைத்து விற்கத் தொடங்க, பள்ளிக்கூடங்கள் அதைத் தடை செய்யும் நிலை வந்தது. ஆகவே அளவு குறைவாக இருக்க வேண்டும், வேலை செய்பவர்களுக்குக் கையுறை வேண்டும், சிறுபிள்ளைகளுக்கு விற்கக்கூடாது.

ஒரு கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குப் பழகுவதற்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள். 10,000 குச்சிகள், 20 வீதம் 500 டப்பாக்கள்.

குச்சி: ரூபா 4,000
எண்ணெயும் கலவையும்: ரூபா 3,000
டப்பா (ஒன்று 12 வீதம்): ரூபா 6,000
லேபல் (ஒன்று 4 வீதம்): ரூபா 2,000
கூலி: ரூபா 5,000
போக்குவரத்து, மின்சாரம் முதலியன: ரூபா 3,000
மொத்தம்: ரூபா 23,000

500இல் 25 டப்பா உடைந்தும் திரும்பி வந்தும் கழிந்தால் மீதி 475. கடைக்கு ஒன்று ரூபா 65 வீதம் கொடுத்தால் வரவு ரூபா 30,875. இலாபம் ரூபா 7,875.

இந்தக் கணக்கில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, குச்சிக்கும் வாசனைக்கும் சேர்த்து ரூபா 7,000தான்; டப்பாவுக்கும் லேபலுக்கும் ரூபா 8,000. சாமானைவிட உடுப்புக்குச் செலவு அதிகம். இரண்டாவது, கூலியைக் கணக்கில் சேர்த்திருக்கிறோம். வீட்டில் மனைவி மக்கள் செய்கிறார்கள் என்பதற்காகக் கூலியைப் பூச்சியமாகப் போடுபவர், தொழில் பெருகி வெளியாள் எடுக்கும் நாளில் தடுமாறுவார். மூன்றாவது, கடன். பத்துக் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்து, ஒரு கடை காசு தராமல் இழுத்தடித்தால், ஏறக்குறைய 47 டப்பாவின் காசு, அதாவது ரூபா 3,055 நிற்கிறது. இலாபம் ரூபா 4,820 ஆகிவிடும். சிறு சாமானில் கடன் கொடுப்பது இலாபத்தின் வேரையே அறுக்கும்.

அமானிதம் எங்கே சோதிக்கப்படுகிறது?

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே மக்கள் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டாமா என்று அந்த வியாபாரியைக் கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்ல என்று கண்டித்த சம்பவம் நாம் பல முறை கேட்டது. வாசனைப் பற்குச்சியிலும் அந்த ஈரம் ஒளிந்துகொள்ள நான்கு இடங்கள் உண்டு.

எண்ணிக்கை: 20 என்று எழுதிய டப்பாவில் 18 இருந்தால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. அளவையில் குறைப்பவர்களைப் பற்றிய முதப்பிஃபீன் சூரா நெல்லுக்கும் துணிக்கும் மட்டும் இறங்கியதல்ல.

மருத்துவப் பேச்சு: 'பல் வலி தீரும்', 'பூச்சிப் பல் குணமாகும்' என்று எழுத வேண்டாம். பற்குச்சி, பல் துலக்குவதற்கு மாற்றும் அல்ல. முரட்டுத்தனமாகக் குத்தினால் முரசு காயப்படும். விழுங்கிவிட்டால் குடலையே கிழிக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஷேர்வுட் அண்டர்சன் 1941இல் மரணித்தது, விழுங்கிய பற்குச்சி ஒன்று வயிற்றுக்குள் ஏற்படுத்திய அழற்சியால்தான். உணவுக்குள் குச்சி செருகிப் பரிமாறும் ஹோட்டல்காரர்கள், அது கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது கடமை.

மார்க்கத்தின் பெயர்: மிஸ்வாக் வேறு, வாசனைப் பற்குச்சி வேறு. மிஸ்வாக்கை நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய அளவு எல்லோரும் அறிந்ததே. அந்தக் கண்ணியத்தை மூங்கில் குச்சிக்குக் கடன் வாங்கி, 'சுன்னத்தான குச்சி' என்று லேபல் ஒட்டுவது, மார்க்கத்தை விற்பதாகும். மிஸ்வாக் விற்க விரும்புபவர் மிஸ்வாக்கையே நன்றாகப் பொதி செய்து விற்கட்டும். பாகிஸ்தானியர் அதைக் காற்றகற்றிய உறையில் அடைத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். இன்னொன்று, வாசனைக் குச்சியின் சுவை எச்சிலோடு தொண்டைக்குள் இறங்கக்கூடியது. எனவே நோன்பு நேரத்தில் பாவிக்க வேண்டாம் என்று டப்பாவில் ஒரு வரி போடுங்கள். ஒரு விற்பனை குறையலாம், நம்பிக்கை கூடும்.

உட்பொருள்: வாசனைத் திரவங்கள் பலவற்றில் கரைப்பானாக அற்ககோல் இருக்கும். கிளிசரின் மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவரத்திலிருந்தும் வரலாம். விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், 2014 முதல் இங்கு ஹலால் சான்றளிக்கும் பணியைச் செய்துவரும் ஹலால் அக்ரெடிட்டேஷன் கவுன்சிலிடம் விசாரிக்கலாம்.

"இது சாப்பாட்டுச் சாமான் அல்லவே, இவ்வளவு கவனம் ஏன்?" என்று கேட்கலாம். கொரியாவில் மாப்பொருளால் செய்த பச்சை நிறப் பற்குச்சிகள் உண்டு. அவற்றை எண்ணெயில் பொரித்துத் தின்னும் மோகம் இளைஞர்களிடம் பரவ, 2024 ஜனவரியில் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைச்சே அவை உணவல்ல என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. வாய்க்குள் போகும் எதையும் உணவுக்குரிய கவனத்தோடு செய்வதே பாதுகாப்பு. தொழிலைத் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து ஆலோசனை கேளுங்கள். விலை, எண்ணிக்கை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளர் முகவரி ஆகியவை லேபலில் தெளிவாக இருக்கட்டும்.

ஃபோர்ஸ்டரின் தந்திரம் எமக்கு ஆகுமா?

இப்போது அந்த ஹார்வர்ட் மாணவர்களிடம் திரும்புவோம். அவர்களுக்குப் பற்குச்சி தேவைப்படவில்லை, தேவைப்படுவதாக நடித்தார்கள். அந்த நடிப்பை உண்மை என்று நம்பித்தான் கடைக்காரர் முதல் போட்டார்.

வாங்கும் எண்ணமில்லாதவர் வாங்குவதுபோல் நின்று விலையை ஏற்றிவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 'நஜ்ஷ்' என்று ஃபிக்ஹ் நூல்கள் அதைக் கூறுகின்றன. ஃபோர்ஸ்டர் செய்தது வரைவிலக்கணத்தின்படி அதுவேதானா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பொய்யான கேள்வியைக் காட்டி இன்னொருவரின் காசை வெளியே எடுப்பது. ஆள் வைத்து ஹோட்டல்களில் கேட்க வைப்பதும், காசு கொடுத்து இணையத்தில் நல்ல கருத்து எழுத வைப்பதும், 'ஸ்டொக் முடிகிறது' என்று இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் அந்த வேரின் கிளைகளே.

அப்படியானால் யாரும் கேட்காத புதுச் சாமானை எப்படி அறிமுகப்படுத்துவது? வழி இருக்கிறது, சற்று மெதுவான வழி. முதலில் ஒரே ஒரு வாசனையில் நூறு டப்பா மட்டும் செய்யுங்கள். தெரிந்த மூன்று ஹோட்டல்களுக்கு, "இது புதுச் சாமான், மாதிரிக்கு இலவசமாகத் தருகிறேன், இரண்டு வாரம் மேசையில் வையுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுங்கள். பிறகு போய் இரண்டு கேள்வி கேளுங்கள். எவ்வளவு செலவானது? முடிந்த பிறகு யாராவது கேட்டார்களா? ஃபோர்ஸ்டர் கூலி கொடுத்துக் கேட்க வைத்த அந்தக் கேள்வியை, ஒரு வாடிக்கையாளர் தாமாகவே கேட்டால் உங்கள் தொழில் பிறந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை என்றால், நூறு டப்பாவின் செலவோடு தப்பித்தீர்கள். காரத்தைக் குறைத்து, வாசனையை மாற்றி மீண்டும் முயலுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பாடச் சுருக்கம்

• மலிவுச் சாமானில் விலைப் போட்டிக்கு இறங்காதீர்கள். அதில் ஒரு பெறுமதியைச் சேருங்கள்.
• மூலப்பொருளின் வகையைத் தெரிந்து வாங்குங்கள். வாங்கியதையே லேபலில் எழுதுங்கள்.
• கூலி, டப்பா, கழிவு, கடன் நான்கையும் சேர்க்காமல் இலாபத்தைக் கணக்கிடாதீர்கள்.
• சிறிதாகச் செய்து, வெளிப்படையாகக் கொடுத்து, இரண்டாம் முறை கேட்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்த முறை காசு கட்டும் மேசையில் இருக்கும் குவளையைப் பார்க்கும்போது, உங்கள் கடையிலும் இப்படி இலவசமாகக் கிடக்கும் சாமான் எது என்று யோசித்துப் பாருங்கள். அதில் எதைச் சேர்த்தால் வாடிக்கையாளர் மனம் ஒப்பிக் காசு தருவார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மனம் ஒப்பித் தரும் காசில்தான் பரகத் இருக்கிறது. அல்லாஹ் எமது தொழில்களில் அதைத் தருவானாக. ஆமீன்.